குதிரைச் சொற்கள் சொல்லும் கதை



"மெக்கானிக்கல் படிச்சவர், மலருக்கு ஏதாவது டெக்னிக்கலா எழுதிக் கொடுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். நான் குதிரையைப் பற்றி எழுதி அனுப்பியிருக்கிறேன். இஞ்சினியருக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்க வேண்டாம். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நாம் பிரித்து மாட்டிய ஒவ்வொரு மோட்டாரின் தகட்டிலும் குதிரை இருக்கிறது. எச்.பி. என்றால் குதிரைத்திறன். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி இயந்திரத்தை விற்க வேண்டியிருந்தது. அதுவரை குதிரையைப் பூட்டி வேலை வாங்கிய ஆலைக்காரர்களிடம் "என் இயந்திரம் இத்தனை குதிரைக்குச் சமம்" என்று சொன்னால்தான் புரியும். ஒரு குதிரை நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை செய்யும் என்று அவர் ஒரு கணக்கு வைத்தார். நாம் மனப்பாடம் செய்த 746 வாட் அதிலிருந்து வந்ததுதான். உண்மையான குதிரை நாள் முழுக்க அந்த அளவுக்கு உழைப்பது கடினம். ஆனால் சில நொடிகளுக்கு மட்டும் என்றால் ஏறத்தாழ 15 குதிரைத்திறன் வரை அதனால் காட்ட முடியும்!

வேடசந்தூர் பக்கம் "அஞ்சு எச்பி மோட்டார் போட்டிருக்கேன்" என்று ஒரு விவசாயி சொல்லும்போது, தன் கிணற்றடியில் ஐந்து குதிரைகள் நிற்பதாகச் சொல்கிறார். நாம் அன்றாடம் பேசும் பல சொற்களுக்குள் குதிரை இப்படி ஒளிந்துகொண்டிருக்கிறது. அந்தச் சொற்களைப் பிடித்துக்கொண்டு போனால் பாண்டிய நாட்டுக் கடற்கரை, நம் மலைக்கோட்டை, கிண்டி ரேஸ் மைதானம், உச்ச நீதிமன்றம், கடைசியில் நம் சட்டைப்பையில் இருக்கும் செல்போன் வரை போய்ச் சேரலாம். அந்தப் பயணம்தான் இந்தக் கட்டுரை.

கடல் வழி வந்த புரவி

குதிரை நம் மண்ணின் பிராணி இல்லை. யானைக்குப் பஞ்சமில்லாத தமிழ்நாட்டில் நல்ல குதிரை எப்போதுமே இறக்குமதிச் சரக்குதான். காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலையே பேசுகிறது. பாண்டியர் காலத்தில் இந்த வணிகம் உச்சத்துக்குப் போனது. அரேபியாவிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் காயல் துறைமுகத்துக்குக் குதிரைகள் வந்தன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கீஷ் தீவிலிருந்து மட்டும் ஆண்டுக்கு 1,400 குதிரைகள் அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாக எழுதுகிறார். ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார். வழியில் கடலில் செத்துப்போன குதிரைக்கும் பாண்டிய மன்னர் காசு கொடுத்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். இன்றைய பாஷையில் சொன்னால், டிரான்சிட் ரிஸ்க் முழுவதும் வாங்குபவர் தலையில்!

இவ்வளவு கொடுத்து வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த மார்க்கோ போலோ அதைச் சொல்கிறார். மன்னர்கள் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவார்களாம். வருட முடிவில் நூறுகூட மிஞ்சாதாம். காரணம், குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை வணிகர்கள் இங்கே வர விடவில்லை. குதிரை செத்தால்தானே அடுத்த குதிரை விற்கும்? அரிசிச் சோற்றோடு இறைச்சியை வேகவைத்துக் குதிரைக்குப் போட்டார்கள் என்றும் போலோ எழுதுகிறார். வஸ்ஸாஃப் சொல்வது வேறு மாதிரி: வறுத்த வாற்கோதுமை, நெய் கலந்த தானியம், குடிக்கக் காய்ச்சிய பசும்பால். அதோடு நாற்பது நாள் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பழக்காமலேயே சவாரி செய்வார்களாம்.

விருந்தாளிக்குப் படைப்பதுபோல அன்பாகத்தான் போட்டிருக்கிறார்கள். ஆனால் குதிரையின் வயிறு புல்லுக்கும் நார்ச்சத்துக்கும் ஆன வயிறு. இரைப்பை சின்னது, குடல் நீளமானது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தப்பான தீனி உள்ளே போய்விட்டால் வெளியே வர ஒரே வழிதான், அது முழுக் குடலையும் கடந்தாக வேண்டும். ஒரு வழி வால்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கும் குதிரை மருத்துவர்கள் அதிகம் அஞ்சும் சொல் 'காலிக்' என்னும் வயிற்று வலிதான். பாண்டியனின் கஜானா பாதி கரைந்தது இந்த ஒரு சொல்லின் பொருள் தெரியாததால் என்று சொன்னால் ரொம்பத் தப்பில்லை.

மாணிக்கவாசகர் கதையை இந்தப் பின்னணியில் வைத்துப் பாருங்கள். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பணத்தை மந்திரி கோயில் கட்டச் செலவழித்துவிடுகிறார். சிவபெருமான் குதிரை வணிகராக வந்து நரியைப் பரியாக்கிக் கொடுக்கிறார். இரவில் பரிகள் எல்லாம் மறுபடி நரிகளாகி லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. பக்திக் கதைதான். ஆனால் குதிரைக்காகப் பணம் கொட்டி ஏமாந்த ஒரு நாட்டின் அனுபவமும் அதில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

'ராவுத்தர்' என்ற சொல்லும் இந்தக் கடல் வணிகக் காலத்தோடு சேர்ந்ததுதான். குதிரை வீரன் என்பது அதன் பொருள். நம் திண்டுக்கல், பழனி வட்டாரத்தில் தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். நம் வகுப்பு வருகைப் பதிவேட்டிலேயே இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே ராவுத்தன் என்று அழைத்திருக்கிறார். ஒரு சொல் மதம் கடந்து எவ்வளவு தூரம் சவாரி செய்திருக்கிறது பாருங்கள்!

மலைக்கோட்டை அடிவாரத்தில் குதிரைப்படை

நாயக்கர் காலத்தில் 1605 வாக்கில் எழுப்பப்பட்ட நம் மலைக்கோட்டை, 18ஆம் நூற்றாண்டில் மைசூர் கைக்குப் போனது. 1755இல் திண்டுக்கல்லின் ஃபௌஜ்தாராக நியமிக்கப்பட்டவர் ஐதர் அலி. எழுதப் படிக்கத் தெரியாத, ஆனால் குதிரையையும் மனிதரையும் எடைபோடத் தெரிந்த ஒரு தளபதி. பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு இங்கே ஆயுதச்சாலை அமைத்தார், படையைப் பெருக்கினார். பிற்பாடு மைசூரையே ஆளப்போகும் மனிதருக்கு முதல் பெரிய பதவி நம் ஊரில்தான். அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம்தான் பேகம்பூர். சிவகங்கையை இழந்த வேலுநாச்சியார் ஐதர் அலியிடம் படை உதவி பெற்றதும் இந்த வட்டாரத்தில் தங்கியிருந்த காலத்தில்தான்.

அந்தக் காலத் தக்காணப் படைகளில் இரண்டு சொற்கள் புழங்கின. சொந்தக் குதிரை, சொந்த ஆயுதத்தோடு வந்து சேருபவர் சிலேதார். அரசு கொடுக்கும் குதிரையில் ஏறுபவர் பார்கீர். சிலேதாரின் குதிரை செத்தால் அவருடைய பிழைப்பே போச்சு. அதனால் தான் சாப்பிடுவதற்கு முன்னால் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவார். சண்டையில் மட்டும் குதிரையை முன்னே விடத் தயங்குவார்! சொந்த வண்டி வைத்திருக்கும் டிரைவருக்கும் கம்பெனி வண்டி ஓட்டும் டிரைவருக்கும் உள்ள வித்தியாசம் புதிதல்ல.

1769 மார்ச் மாதம், ஏறத்தாழ 6,000 குதிரை வீரர்களோடு ஐதர் அலி மூன்றரை நாளில் 130 மைல் கடந்து, யாரும் எதிர்பாராத நேரத்தில் சென்னைக்குப் பக்கத்தில் பரங்கிமலையில் போய் நின்றார். கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயர்கள் ஏப்ரலில் அவர் சொன்னபடி உடன்படிக்கை போட்டார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 37 மைல். குளம்பு, லாடம், தீனி, தண்ணீர் எல்லாம் சரியாக இருந்தால் ஒழிய இது நடக்காது. போலோ காலத்தில் ஒரே வருடத்தில் குதிரைகளைச் சாகக் கொடுத்த தெற்கு, ஐதர் காலத்தில் பராமரிப்பைக் கற்றுக்கொண்டுவிட்டது. அதே பரங்கிமலைக்கு அருகில் கிண்டியில் எட்டு வருஷம் கழித்து, 1777இல், ஆங்கிலேயர்கள் குதிரைப் பந்தயம் தொடங்கினார்கள் என்பது வரலாற்றின் வேடிக்கை. 1790இல் திண்டுக்கல்லைக் கர்னல் ஸ்டூவர்ட் பிடித்தார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் ஊர் நிரந்தரமாகக் கம்பெனி வசமானது.

லாயத்துச் சொற்கள்

என் தாத்தா திண்டுக்கல் ரயிலடியில் ஜட்கா ஓட்டியவர். ஜட்கா என்பதே தக்காணி உருது வழியாக வந்த சொல். வேகம், குலுக்கல் என்று பொருள். ஒரு தடவை ஏறி உட்கார்ந்தவர்களுக்குப் பொருள் தானாகவே புரிந்திருக்கும். ஆட்டோக்கள் வந்த பிறகு வண்டியை விற்றுவிட்டார். ஆனால் சொற்களை விற்கவில்லை. சின்ன வயதில் அவரிடமிருந்து நான் கேட்டவற்றையும், வேலைக்குப் போன பிறகு ரேஸ் லாயங்களில் சைஸ்களிடம் கேட்டு அறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன். சைஸ் என்றால் குதிரைக்காரர். அரபிச் சொல். இந்தியா முழுக்க ரேஸ் லாயங்களில் அதே பெயர்தான்.

கடிவாளம் என்பது வாயில் இருக்கும் இரும்பு. அதோடு சேர்ந்த வார் லகான், பாரசீகம் தந்தது. குதிரையின் வாயில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாளம் உட்காருவது அங்கேதான். அந்த இடைவெளி இல்லாவிட்டால் மனிதன் குதிரை ஏறியிருக்கவே முடியாது. முதுகில் வைப்பது சேணம், ஜீனி என்றும் சொல்வார்கள். கால் வைப்பது அங்கவடி. "கொள்ளுன்னா வாயைத் திறக்கும், கடிவாளம்னா வாயை மூடிக்கும்" என்ற பழமொழியைத் தாத்தா என்னைப் பார்த்து அடிக்கடி சொல்வார், படிப்பு விஷயத்தில்!

தீனிக்கு வருவோம். நம் வறண்ட சமவெளியில் மானாவாரியாக விளையும் கொள்ளுதான் தென்னிந்தியக் குதிரையின் எரிபொருள். ஊறவைத்தோ வேகவைத்தோதான் கொடுப்பார்கள். அறுகம்புல் கட்டு தினப்படி உண்டு. ரேஸ் குதிரைக்கு ஓட்ஸ், தவிடு, லூசர்ன். இந்த லூசர்னுக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? குதிரை மசால்! இன்று மாட்டுத் தீவனமாக அதைப் பயிரிடுகிறோம். குதிரை போய்விட்டது, பெயர் மட்டும் வயலில் நிற்கிறது.

அடுத்தது லாடம். குதிரையின் குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும், மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின்னாக. அதனால் நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். ஆணி உணர்ச்சியில்லாத வெளிச்சுவரில்தான் இறங்க வேண்டும். கொஞ்சம் உள்ளே போனால் குதிரை நொண்டும். ஜட்கா குதிரைக்கு இரும்பு லாடம். ரேஸ் நாளில் ஓடும் குதிரைக்கு எடை குறைந்த அலுமினிய லாடம். சுமார் 500 கிலோ எடையுள்ள ஒரு பிராணி நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது, ஒரு கட்டத்தில் ஒற்றைக் கால்மேல் அதன் உடல் எடையைப்போல இரண்டரை மடங்கு விசை இறங்குகிறது. நம்முடைய ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் தாளில் கேட்கத் தகுந்த கணக்கு. சைக்கிளுக்குச் சைக்கிள் ஏறி இறங்கும் சுமை, மெல்லிய எலும்பு, களைப்பு முறிவு. ரேஸ் குதிரைகள் கால் முறிந்து விழுவதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த ஃபெட்டீக்தான். திடீர் விபத்துபோலத் தெரிந்தாலும், நுண்ணிய விரிசல்கள் முன்பே சேர்ந்திருக்கும். அதனால்தான் நல்ல சைஸ் தினமும் காலையில் கால்களைக் கையால் தடவிப் பார்ப்பார். சூடு தெரிந்தால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. நம் தொழிற்சாலைகளில் பேரிங் சூட்டைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி.

இன்னொரு சொல் சுழி. குதிரை வாங்கப் போனால் நம்மவர்கள் முதலில் பார்ப்பது சுழியைத்தான். ரோமம் சுழன்றிருக்கும் இடத்தை வைத்து ராசி, தோஷம் சொல்வார்கள். மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் தரோபிரெட் குதிரைகளின் அடையாளப் பத்திரங்களிலும் சுழிகளின் இடத்தைப் படத்தில் குறித்து வைக்கிறார்கள். சுழி குதிரைக்குக் குதிரை மாறும், வாழ்நாள் முழுக்க மாறாது. நமக்குக் கைரேகை மாதிரி. தாத்தா பார்த்ததும் சுழிதான், பதிவாளர் பார்ப்பதும் சுழிதான். காரணம்தான் வேறு.

ரேஸ் குதிரையின் அகராதி

தரோபிரெட் என்பது 'நல்ல குதிரை' என்ற பொதுச் சொல் இல்லை, ஒரு தனி இனத்தின் பெயர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட மூன்று கிழக்கத்திய ஆண் குதிரைகள்தான் இந்த இனத்தின் மூதாதைகள்: பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்ஃபின் அரேபியன். இன்று உலகில் ஓடும் ஒவ்வொரு தரோபிரெட்டின் தந்தைவழியும் இந்த மூன்றில் ஒன்றில் போய் முடியும். காயலுக்கு வந்த குதிரைகளும் கிழக்கத்தியக் குதிரைகள்தான். நாம் அவற்றை வாங்கிக்கொண்டே இருந்தோம். இங்கிலாந்துக்காரர்கள் 1791இலேயே ஜெனரல் ஸ்டட் புக் என்று வம்சாவளிப் பதிவேடு போட்டு, சொந்த இனமாக்கிக்கொண்டார்கள். எழுதி வைக்கும் பழக்கம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

வயதைப் பொறுத்துப் பெயர் மாறும். பிறந்த குட்டி ஃபோல். ஒரு வயதில் இயர்லிங். நாலு வயது வரை ஆண் கோல்ட், பெண் ஃபில்லி. அதற்கு மேல் ஹார்ஸ், மேர். காயடித்த ஆண் கெல்டிங். இந்தியாவில் எல்லா தரோபிரெட்டுக்கும் பிறந்தநாள் ஜனவரி 1. மார்ச்சில் பிறந்தாலும் கணக்குக்கு ஜனவரி 1தான். நம் ஊரில் பள்ளியில் சேர்க்க வாத்தியார் தேதி போட்டுக்கொண்டது போல!

உயரத்தை 'ஹேண்ட்' கணக்கில் அளப்பார்கள். ஒரு ஹேண்ட் 4 அங்குலம். 16 ஹேண்ட் என்றால் 64 அங்குலம், தோள்மேடு வரைக்கும். சாண், முழம் வைத்து அளந்த நமக்கு இது புதிதில்லை. ஜட்கா இழுத்த மட்டக்குதிரைகள் இதைவிட எவ்வளவோ குள்ளம். தூரத்துக்கு ஃபர்லாங். உழவுசால் ஒன்றின் நீளம் என்ற பொருளில் பிறந்த சொல் அது. 220 கஜம், சுமார் 201 மீட்டர். எட்டு ஃபர்லாங் ஒரு மைல். "ரெண்டு பர்லாங் போனா கோயில் வரும்" என்று வத்தலக்குண்டு பக்கத்துப் பெரியவர்கள் வழி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ரேஸையே பார்த்திராதவர்கள் வாயிலும் ரேஸ் அளவு!

வெற்றி வித்தியாசத்துக்கு மூக்கு, தலை, கழுத்து, பிறகு 'லெங்த்'. ஒரு லெங்த் என்பது ஒரு குதிரையின் உடல் நீளம், சுமார் எட்டு அடி. ஹேண்டிகேப் என்பது திறமையான குதிரைக்கு அதிக எடை ஏற்றி, எல்லாக் குதிரைக்கும் சம வாய்ப்புக் கொடுக்கும் முறை. ஜாக்கியின் எடை குறைந்தால் சேணத்தோடு ஈயத் தகடு வைப்பார்கள். பந்தயம் முடிந்ததும் மறுபடி தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள்.

நம்மவர்களுக்குப் பிடிக்கும் சொல் டோட், அதாவது டோட்டலைசேட்டர். பந்தயத்தில் கட்டிய பணம் முழுவதையும் ஒரு குவியலாக்கி, கழிவு போக மீதியை வென்றவர்களுக்குப் பிரித்துக்கொடுக்கும் முறையை 1860களில் பாரிஸில் பியேர் ஓல்லேர் கொண்டுவந்தார். அதைத் தானாகக் கணக்கிடும் இயந்திரத்தை ஜார்ஜ் ஜூலியஸ் என்ற ஆஸ்திரேலிய இஞ்சினியர் வடிவமைத்தார். தேர்தல் வாக்குகளை எண்ணுவதற்காக முதலில் யோசித்த இயந்திரம் அது. அங்கே வேண்டாம் என்றதும் ரேஸுக்கு மாற்றினார். 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் முதல் இயந்திரம் ஓடியது. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே பல்சக்கரங்களும் எடைக்கற்களும் கொண்டு ஒரே நேரத்தில் பல கவுண்ட்டர்களின் கணக்கைக் கூட்டிய இயந்திரம். எந்த இஞ்சினியரும் தொப்பியைக் கழற்ற வேண்டிய வேலை.

ஆனால் அந்த இயந்திரம் சொல்லும் கணக்கையும் கவனியுங்கள். உதாரணத்துக்கு, மொத்தம் 1,000 ரூபாய் சேர்ந்தது, கழிவு 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 800. வென்ற குதிரைமேல் கட்டியது 100 ரூபாய் என்றால் ரூபாய்க்கு 8 ரூபாய் கிடைக்கும். அவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் கட்டியவர்கள் அத்தனை பேரையும் சேர்த்துப் பார்த்தால் 1,000 கொடுத்து 800 வாங்கியிருக்கிறார்கள். எந்தக் குதிரை ஜெயித்தாலும் இந்த விடை மாறாது. அடுத்த பந்தயத்தில் அந்த 800ஐயும் கட்டினால் 640. அதற்கடுத்து 512. மூன்றே பந்தயத்தில் பாதி போய்விட்டது.

என் தாத்தாவின் தம்பிக்கு இந்தக் கணக்கு தெரியாது. 1960களில் ரேஸ் சீசன் வந்தால் சின்னத் தாத்தா இரவு ரயில் ஏறி மெட்ராஸ் போய்விடுவார். குதிரையைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்று தாத்தாவே சொல்வார். நிலக்கோட்டைப் பக்கம் கிணற்றோடு இருந்த இரண்டு ஏக்கர் தோட்டம் அப்படியே போனது. அண்ணன் ஒரு குதிரையைத் தேய்த்துக் குளிப்பாட்டி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். தம்பி நூறு குதிரைகளின் வம்சாவளியை ஒப்பித்துக் கடனாளியாகச் செத்தார். எங்கள் வீட்டில் இன்றும் 'கிண்டி' என்ற ஊர்ப் பெயரைப் பாட்டி வாயால் சொல்ல மாட்டார்.

நீதிமன்றத்துக்கு வந்த குதிரை

கிண்டிப் பந்தயத்தை நடத்திய மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் அமைந்தது. கோடையில் ஊட்டியிலும் பந்தயம் நடத்தியது. சின்னத் தாத்தா போன்றவர்கள் குடும்பங்களின் கண்ணீர் சட்டமன்றத்தையும் எட்டியது. 1974இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இடைக்கால உத்தரவின் பேரில் பந்தயம் தொடர்ந்தது. 1986இல் கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. கடைசியில் 1996 ஜனவரி 12 அன்று டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டத்தின் விளையாட்டு அல்ல, முதன்மையாகத் திறமையின் விளையாட்டு. குதிரையின் வம்சம், பயிற்சி, உடல்நிலை, ஜாக்கியின் திறமை எல்லாம் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. அவற்றை எடைபோடுவதும் திறமை. ஆகவே அது சூதாட்டச் சட்டத்தில் வராது. 1986 சட்டமும் செல்லாது.

குதிரையைப் பொறுத்தவரை இந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. லாயத்தில் ஒரு நாள் நின்று பார்த்தவர்கள் யாரும் அங்கே நடப்பதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் 'திறமை' என்ற அந்த ஒற்றைச் சொல் லாயத்தைவிட்டு வெளியே ஓடியது. செல்போன் ரம்மி வந்தபோது, அந்த நிறுவனங்கள் நீதிமன்றத்தில் நீட்டிய முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று இந்தக் குதிரைத் தீர்ப்புதான். தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் ரத்து செய்தது. 2022இல் மறுபடி சட்டம் வந்தது. 2023 நவம்பரில் அதே நீதிமன்றம் சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்பதால் அவற்றுக்குப் பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவுமே கூடாது என்று சொன்னது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இது நம் ஹாஸ்டல் வாசலுக்கு வந்த விஷயம். என் பேட்ச் நண்பன் ஒருவன், கணக்கில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரன், கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்திருந்தபோது ரம்மியில் மாட்டினான். "இது ஸ்கில் கேம்டா, கோர்ட்டே சொல்லியிருக்கு" என்று என்னிடம் வாதாடினான். சம்பளம், பி.எஃப்., மனைவியின் நகை எல்லாம் போனது. அவனுக்குத் திறமை இருந்தது உண்மை. ஆனால் சக்கரம் சுற்றச் சுற்றக் கழிவு போய்க்கொண்டே இருக்கும் என்பதும் உண்மை. முதல் உண்மை இரண்டாவது உண்மையைப் பொய்யாக்கிவிடாது. ஆட்டத்தில் திறமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. ஆடுகிறவன் கையில் பணம் நிற்கும் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. போன இரண்டு ஒன்றுகூடல்களுக்கும் அவன் வரவில்லை. இந்த மலர் அவன் கைக்குப் போனால் ஒன்றே ஒன்று சொல்ல ஆசை: நீ வாடா, யாரும் எதுவும் கேட்க மாட்டோம்.

கிண்டிக்கும் ஒரு திருப்பம் வந்தது. 1945இல் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்ட ஏறத்தாழ 160 ஏக்கர் நிலத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரத்து செய்து நிலத்தை மீட்டது. கோடிக்கணக்கான வாடகைப் பாக்கி பற்றிய பழைய தகராறு அது. அதே ஆண்டில் ஊட்டி ரேஸ் மைதானத்தையும் எடுத்துக்கொண்டது. கிண்டி நிலத்தில் வெள்ள நீரைத் தேக்கக் குளங்கள் வெட்டவும் பசுமைப் பூங்கா அமைக்கவும் திட்டம் அறிவிக்கப்பட்டது. கிளப்பும் நீதிமன்றம் போனது. சென்னை வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குக் குளத்தின் அருமை தெரியும். அங்கே வேலை பார்த்த சைஸ்களின் குடும்பங்களையும், ஓடி முடித்த குதிரைகளையும் மறந்துவிடக் கூடாது என்பது மட்டும் என் எண்ணம். தரோபிரெட் 25 வருஷம்கூட வாழும். பந்தயத்தில் ஓடுவதோ பெரும்பாலும் சில வருஷங்கள்தான். மீதி வாழ்க்கைக்குப் பந்தய அகராதியில் ஒரு நல்ல சொல்கூட இல்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஊர்ப்புறத்து அய்யனார் கோயில்களில் சுடுமண் குதிரைகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. அவற்றைச் செய்யும் வேளார்களுக்குக் குதிரையின் ஒவ்வோர் அணிக்கும் பெயர் தெரியும். பழனி அடிவாரத்தில் ஜட்கா ஓட்டியவர்கள், மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடித்தவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். பலருக்கு எழுபது வயதுக்கு மேல். அவர்களிடம் உட்கார்ந்து பேசி, தீனி, நோய், நடை, சுழி, சேணம் என்று தலைப்பு வாரியாகச் சொற்களைப் பதிவு செய்ய ஒரு மாணவர் குழுவை நம் சங்கம் அமைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு விடுமுறையில் முடிகிற வேலைதான். செல்போனில் ஒலிப்பதிவு செய்து, சிறு புத்தகமாக்கி நம் கல்லூரி நூலகத்தில் வைக்கலாம். அச்சுச் செலவில் என் பங்கை இப்போதே தரத் தயார். குதிரைக்காரர் பேரன் என்ற முறையில் முதல் இரண்டு பேட்டிக்கு நானும் கூட வருகிறேன்.

ஒன்றுகூடலில் சந்திப்போம். வாழ்க நம் கல்லூரி! வளர்க அதன் புகழ்!